எண்பதுகளின் அந்த இளஞ்சிவப்பு கிட்டாரை வாங்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 54. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பள்ளிக் காலத்தில் மலேசியா முழுக்க ‘ராக் காப்பாக்’ அலை. சர்ச், விங்ஸ் மாதிரியான மலாய் ராக் குழுக்களின் கேசட்டுகளும் வான் ஹேலன், ஓஸி ஆஸ்போர்ன், அயர்ன் மெய்டன் கேசட்டுகளும் கடையில் ஒரே வரிசையில் இருக்கும். பாட்டைவிட அதிகமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அட்டைப்படங்களில் இருந்த கிட்டார்களைத்தான். கூரான தலை, கண்ணைப் பறிக்கும் நிறம், கோடு, புலி வரி, மண்டை ஓடு. அப்போது வாங்க வசதி இல்லை. பிறகு வேலை, குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது.

இப்போது தெரிந்தவர் ஒருவர் 1980களின் கடைசியில் ஜப்பானில் தயாரான இளஞ்சிவப்பு கிட்டார் ஒன்றை விற்கிறார். ஃபிளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ். அதில் கொஞ்சம் துரு ஏறியிருக்கிறது. என் மகனும் கிட்டார் வாசிப்பவன். “அதெல்லாம் மேடைக்கான வேஷம்ப்பா, நல்ல கிட்டார் இல்லை” என்கிறான். அந்தக் கிட்டார்களில் பளபளப்பைத் தவிர வேறு சரக்கு இருந்ததா? இருந்தது என்றால் ஏன் திடீரென்று காணாமல் போயின? பழையதை வாங்குவது நல்லதா, இப்போது மறுபடி தயாரிக்கிறார்களே, அந்தப் புதியதை வாங்குவதா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

— வாசகர், ஈப்போ

பதில்:

வாங்கலாம். பிரிட்ஜ், நெக், பூட்டு நட்டுக்குப் பின்னால் இருக்கும் மரம் ஆகிய மூன்றும் சோதனையில் தேறினால் தயங்காமல் வாங்குங்கள். எப்படிச் சோதிப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைப் பலரும் சொல்கிறார்கள், அது சரியல்ல. அந்தக் கிட்டார்களின் பளபளப்பும் அவற்றின் உள்வேலையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கடையில் கிடைத்த கிட்டார் போதவில்லை என்று நினைத்த வாசிப்பாளர்கள், தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். மரத்தைக் குடைந்த அதே கைதான் வண்ணமும் பூசியது.

கடையில் இல்லாத கிட்டார்

1970களில் அமெரிக்காவில் ராக் வாசிக்க நினைத்த ஒருவருக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். எடை குறைவு, கைக்கு இதம், சுருதியை இறக்கி ஏற்றும் வாமி பாரும் உண்டு. ஆனால் அதன் ஒற்றைச் சுருள் பிக்கப்கள் ஆம்பைக் கூட்டி வைத்தால் இரைச்சல் போடும். இன்னொன்று, 1952இல் வந்த கிப்ஸன் லெஸ் பால். பிற்பாடு அதில் வந்த ஹம்பக்கர் பிக்கப் தடித்த, அழுத்தமான ஒலி தரும், இரைச்சலும் அடங்கும். ஆனால் வாமி பார் இல்லை, எடையும் கூடுதல். இரண்டின் நல்ல குணமும் ஒரே கிட்டாரில் வேண்டுமென்றால் எங்கும் வாங்க முடியாது.

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்த எடி வான் ஹேலன் அதைத் தானே செய்துகொண்டார். குறை இருந்ததால் ஒதுக்கப்பட்ட ஸ்ட்ராட் வடிவ பாடியை 50 டாலருக்கும், நெக்கை 80 டாலருக்கும் வாங்கினார். கிப்ஸன் இஎஸ்-335 கிட்டாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கரைப் பொருத்த, பாடியை உளியால் குடைந்தார். ஆம்பை உச்சத்தில் வைக்கும்போது பிக்கப் கீச்சிடாமல் இருக்க, அதை உருகிய மெழுகில் முக்கி எடுத்தார். பல குமிழ்களை எடுத்துவிட்டு ஒலி அளவுக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டார். அந்தக் கிட்டாருக்குத்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று பெயர். 1978 பிப்ரவரியில் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் ‘இரப்ஷன்’ என்ற 1 நிமிடம் 42 விநாடித் தனி வாசிப்பு இருக்கிறது. இரண்டு கை விரல்களாலும் ஃபிரெட்போர்டைத் தட்டி வாசிக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது அதுதான். மெட்டல் கேட்காதவர்களுக்கும் அவர் வாசிப்பு தெரிந்திருக்கும். மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டு ‘திரில்லர்’ ஆல்பத்தில் ‘பீட் இட்’ பாட்டின் நடுவே வரும் கிட்டார் அவர் வாசித்தது.

அந்தக் கிட்டாரின் கோடுகளும் அப்படித்தான் வந்தன. மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பெயின்ட் அடித்தார். முதலில் கறுப்பு வெள்ளை. 1979இல் அதன் மேல் சிவப்பு, அதுவும் சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்ட். அந்தக் கோடுகளைத் தனியாகப் பிரித்து “இது வேஷம், அது கருவி” என்று சொல்ல வழியில்லை. 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ராக் இசைக் கருவிகளுக்காக நடத்திய கண்காட்சியில் ஃபிராங்கன்ஸ்டைனும் இடம்பெற்றது. எடி 2020 அக்டோபர் 6 அன்று காலமானார்.

நகை செய்தவரின் பிரிட்ஜ்

வாமி பாரை அழுத்தினால் கம்பிகள் தளரும், விட்டால் மறுபடி இறுகும். ஒவ்வொரு முறையும் கம்பி, நெக்கின் தலைப்பக்கம் அதைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் உரசும், முறுக்காணியில் சுற்றியிருக்கும் பகுதியும் கொஞ்சம் நழுவும். அதனால் கம்பி பழைய இடத்துக்கே திரும்புவதில்லை, சுருதி விலகிவிடும். ஆவேசமாக ஒரு முறை அழுத்திவிட்டால் பாட்டு முடியும் வரை கிட்டார் சுருதி சேராது. இருபது வருடங்களாக இதற்குத் தீர்வு இல்லாமல் இருந்தது.

தீர்வு கண்டவர் ஃபிளாய்ட் ரோஸ். ராக் குழுவில் வாசித்தவர், நகை செய்யும் தொழிலும் தெரிந்தவர். அவர் செய்தது எளிமையானது: கம்பியை இரண்டு முனையிலும் பூட்டிவிட்டார். நட்டில் ஒரு பூட்டு, பிரிட்ஜில் ஒரு பூட்டு. நடுவில் நழுவ இடமே இல்லை. பிரிட்ஜ், கத்தி விளிம்பு போன்ற இரண்டு முனைகளால் இரண்டு திருகுத் தண்டுகளின் மேல் சாய்ந்து நிற்கும். முன்பக்கம் கம்பிகள் இழுக்க, பாடிக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்க, தராசு மாதிரி இரண்டும் சமமாகும் இடத்தில் அது நிற்கும். 1979இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நட்டைப் பூட்டிய பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லை என்பதால், பிறகு பிரிட்ஜிலேயே சின்னத் திருகாணிகள் சேர்க்கப்பட்டன. கம்பிகள் முற்றிலும் தொய்ந்து தொங்கும்வரை பாரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும் சுருதி அப்படியே திரும்பி வரும். எண்பதுகளின் மெட்டல் வாசிப்பில் நீங்கள் கேட்ட அந்தக் குதிரைக் கனைப்பு, விமானம் கீழே பாய்வது மாதிரியான ஒலி எல்லாம் இந்த பிரிட்ஜ் இல்லாமல் மேடையில் சாத்தியமாகியிருக்காது.

நியூஜெர்ஸியின் நெப்டியூன் ஊரிலிருந்த கிரேமர் நிறுவனம் ஃபிளாய்ட் ரோஸோடும் எடி வான் ஹேலனோடும் கைகோத்தது. அதன் பெரட்டா மாடலில் சாய்வாக வைத்த ஒரே ஹம்பக்கர், ஒரே குமிழ், ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ், அவ்வளவுதான். ஃபிராங்கன்ஸ்டைனின் எண்ணத்தை எந்த ஊர்ப் பையனும் கடையில் வாங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

கூரான தலை எங்கிருந்து வந்தது?

கலிஃபோர்னியாவின் அசூஸாவில் வெய்ன் சார்வெல் என்பவர் 1970களின் நடுவில் கிட்டார் ரிப்பேர்க் கடை நடத்தினார். உதிரி பாகங்களும் செய்து விற்றார். 1978இல் அதை வாங்கியவர் அவரிடம் வேலை பார்த்த குரோவர் ஜாக்சன். 1980 கடைசியில் ஓஸி ஆஸ்போர்னின் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் ஒரு யோசனையோடு அவரிடம் வந்தார். கிப்ஸன் ஃபிளையிங் வி போன்ற வடிவம் வேண்டும், ஆனால் இன்னும் கூராக, இரண்டு இறக்கையும் ஒரே அளவில் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பேசிப் பேசி வரைந்து, வெள்ளைக் கிட்டார் ஒன்று உருவானது. சார்வெல் என்றால் ஸ்ட்ராட் வடிவம் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அதனால் புதிய கிட்டாரின் தலையில் குரோவர் தன் குடும்பப் பெயரை எழுதினார். ஜாக்சன் என்ற பிராண்ட் பிறந்தது அப்படித்தான். வடிவத்தைச் செம்மை செய்து இரண்டாவது கிட்டாரும் செய்துகொண்டார் ராண்டி. அதை அவர் அதிக காலம் வாசிக்கவில்லை. 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வயது 25. அவர் பெயரிலான மாடல் இன்றும் தயாராகிறது.

இந்தக் கூர்மைக்கு வேர் எண்பதுகளுக்கும் முந்தையது. 1958இல் கிப்ஸன் நிறுவனம் ஃபிளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் என்ற இரண்டு கோண வடிவக் கிட்டார்களை வெளியிட்டது. அப்போது வாங்க ஆளில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்ட ஃபிளையிங் வி நூறைக்கூட எட்டவில்லை. மெட்டல் வந்த பிறகுதான் அந்த வடிவங்களுக்கு ஏற்ற இசை கிடைத்தது. ஜூடாஸ் பிரீஸ்ட்டின் கே.கே. டவுனிங், பாதி கறுப்பு பாதி வெள்ளை வி வைத்திருந்த மைக்கேல் ஷெங்கர் போன்றவர்கள் கையில் அது உயிர் பெற்றது. ஜாக்சனின் கூரிய தலைக்கும் எக்ஸ்ப்ளோரரின் தலைதான் முன்னோடி. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிளமெங்கோ கிட்டார் செய்யும் குடும்பத்தில் பிறந்த பெர்னி ரிகோ, பி.சி. ரிச் என்ற பெயரில் மாக்கிங்பேர்ட், பிறகு வார்லாக் என்று இன்னும் துணிச்சலான வடிவங்களைக் கொடுத்தார். சிகாகோ பக்கத்தில் டீன் ஸெலின்ஸ்கி வி-யையும் எக்ஸ்ப்ளோரரையும் இணைத்து எம்எல் என்ற வடிவத்தைச் செய்தார். இவர்கள் எல்லோரும் சின்னப் பட்டறையில் தொடங்கியவர்கள். வாசிப்பவர் நேரே வந்து நின்று “இங்கே இன்னும் கொஞ்சம் சீவு” என்று சொல்லக்கூடிய இடங்கள் அவை.

விரலுக்குக் கீழே நடந்த மாற்றம்

உங்கள் மகன் தினமும் தொடுவது ஃபிரெட்போர்டைத்தான். பழைய ஃபெண்டர்களின் ஃபிரெட்போர்ட் 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கும். கார்டு பிடிக்க அது இதமானது. ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்து மேல் ஃபிரெட்டுகளில் பக்கவாட்டில் இழுத்தால் நாதம் பாதியில் அடைபடும். ஜாக்சன் இதைத் தட்டையாக்கினார். நட்டருகே 12 அங்குல ஆரம், பாடிப் பக்கம் போகப் போக 16 அங்குலம். தடித்த ஃபிரெட்டுகள், மெல்லிய நெக், 24 ஃபிரெட் வரை விரல் எட்டும்படி ஆழமாக வெட்டிய கொம்புகள் எல்லாம் அந்தக் காலத்தில் பரவலானவை.

சிலர் இன்னும் ஒரு படி போனார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த இங்வி மால்ம்ஸ்டீன், ஃபிரெட்டுகளுக்கு நடுவே உள்ள மரத்தைச் சுரண்டிக் குழியாக்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வாசித்தார். வீணை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெட்டுகளுக்கு நடுவே விரல் எதையும் தொடாமல் கம்பியை இழுத்துக் கமகம் கொண்டுவரும் வசதி வீணையில் எப்போதும் இருக்கிறது. 1970களில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாஃப்லினும், எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேனோடு சேர்ந்த சக்தி குழுவில் இப்படிக் குழித்த ஃபிரெட்போர்டு கொண்ட கிட்டாரைத்தான் வாசித்தார்.

1987இல் ஜப்பானின் ஐபனீஸ் நிறுவனம் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வையோடு சேர்ந்து ஜெம் 777 மாடலைக் கொண்டுவந்தது. பச்சை, பளீர் இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறம். பாடியில் கையை நுழைத்துத் தூக்க ஒரு துளை. அடுத்து வந்த பூப்போட்ட ஜெம்முக்கு, வையின் வீட்டுத் திரைச்சீலைத் துணியின் பூ வடிவத்தையே பாடியில் பதித்தார்கள். பார்க்க விளையாட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் பாரைக் கீழே அழுத்துவதோடு மேலேயும் இழுக்க வேண்டும் என்பதற்காக பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தைக் குடைந்தது, 24 ஃபிரெட், ஹம்பக்கரையும் ஒற்றைச் சுருளையும் கலந்து எடுக்கும் பிக்கப் அமைப்பு எல்லாம் அதே கிட்டாரில் இருந்தன. அதன் எளிய தம்பியான ஆர்ஜி வரிசை அதே ஆண்டு வந்தது, இன்றும் விற்கிறது. 1990இல் வையும் ஐபனீஸும் கொண்டுவந்த ஏழு கம்பி யுனிவர்ஸ்தான், 1994இல் கோர்ன் குழு வழியாக அடுத்த தலைமுறை மெட்டலின் அடி ஒலியானது. உங்கள் மகன் நவீனம் என்று மதிக்கும் கிட்டாரை எடுத்துப் பாருங்கள். தட்டையான ஃபிரெட்போர்ட், மெல்லிய நெக், அதிக சக்தியுள்ள பிக்கப் எல்லாம் அதிலும் இருக்கும். அவை அந்த வேஷக் கிட்டார்கள் விட்டுச்சென்ற சொத்து.

பளபளப்புக்கும் நியாயம் உண்டு

கருவி நல்லது என்பதற்காக அலங்காரத்தை மன்னித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அலங்காரத்துக்கும் அதற்கே உரிய நியாயம் உண்டு. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. ராக் இசை கேட்பதோடு பார்க்கவும் ஆனது. 1983 மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த யுஎஸ் ஃபெஸ்டிவலில் ஒரு முழு நாள் ஹெவி மெட்டலுக்கு ஒதுக்கப்பட்டது. வான் ஹேலன், ஸ்கார்ப்பியன்ஸ், ஜூடாஸ் பிரீஸ்ட், ஓஸி எல்லோரும் ஒரே மேடையில். பரந்த வெளியில், கடைசி வரிசையில் நிற்பவருக்கும் இன்னார்தான் வாசிக்கிறார் என்று தெரிய வேண்டும். கோடு போட்ட கிட்டார் என்றால் எடி, காளைக்கண் வட்டம் போட்டது என்றால் ஸாக் வைல்ட், எலும்புக்கூடாகச் செதுக்கியது என்றால் ஜார்ஜ் லிஞ்ச். தூரிகையும் ஏர்பிரஷ்ஷும் பிடித்த ஓவியர்களுக்கும் அந்தப் பட்டறைகளில் வேலை இருந்தது. ஈப்போவில் ஒரு கேசட் அட்டையைப் பார்த்தே ஒரு சிறுவன் கிட்டார் கனவு கண்டிருக்கிறான் என்றால், அந்த ஓவியமும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஏன் மறைந்தன?

முதல் மாற்றம் மெட்டல் பக்கமிருந்தே வந்தது. 1987இல் கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பம் வந்ததும் அதன் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷின் தோளில் தொங்கிய லெஸ் பால் வடிவத்தின் மேல் எல்லோர் கண்ணும் திரும்பியது. 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. கர்ட் கோபெய்ன் கையில் இருந்தவை ஜாகுவார், மஸ்டாங் போன்ற பழைய ஃபெண்டர்கள். வேகமும் மினுக்கும் பொய் என்றும், எளிமைதான் உண்மை என்றும் ஒரு தலைமுறை முடிவு செய்தது. தொண்ணூறுகள் பிறந்த கையோடு கிரேமர் கடையை மூடியது. பெயர் பின்னாளில் கிப்ஸன் கைக்குப் போனது. ஜாக்சன், சார்வெல் பெயர்களை 2002இல் ஃபெண்டர் வாங்கியது.

ஆனால் மறைந்துபோனது கடை ஜன்னலிலிருந்துதான். பாண்டெராவின் டைம்பேக் டாரெல் தொண்ணூறுகள் முழுக்க டீன் எம்எல் வடிவத்தைத்தான் பிடித்தார். ஸ்லேயரின் கெர்ரி கிங், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்று கூரிய வடிவங்களை விடாதவர்கள் பலர். நாகரிகம் மாறியதால் வந்த சரிவு அது. கருவியில் குறை கண்டு யாரும் அதை ஒதுக்கவில்லை.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

முதலில் பிரிட்ஜ். துரு இருக்கிறது என்கிறீர்கள். மேலோட்டமான துரு பிரச்சினை இல்லை, கத்தி விளிம்பு தேய்ந்திருந்தால்தான் பிரச்சினை. நட்டைப் பூட்டி, சுருதி சேர்த்து, ஒரு ட்யூனரை வைத்துக்கொள்ளுங்கள். பாரை நன்றாக அழுத்திவிட்டு மெதுவாக விடுங்கள், சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாரை மேலே இழுத்து விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு வந்தால் விளிம்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் விளிம்போ தண்டோ தேய்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் உரிமம் பெற்றுச் செய்த மலிவு பிரிட்ஜ்கள் சிலவற்றில் உலோகம் மென்மையாக இருக்கும், அவைதான் சீக்கிரம் தேயும். அப்படி இருந்தாலும் கிட்டாரைக் கைவிட வேண்டாம். தண்டுகளுக்கு இடையேயான தூரம் சுமார் 74 மில்லிமீட்டர் என்றால் அசல் ஃபிளாய்ட் ரோஸ் பெரும்பாலும் பொருந்தும். மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அந்தத் தண்டுகள் நேராக நிற்கின்றனவா, கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மெல்லிய 9-42 கம்பிகளே சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கின்றன. ஜப்பான் கிட்டார்களில் அதிகம் பயன்பட்ட பாஸ்வுட் மென்மையான மரம். தண்டைச் சுற்றி விரிசல் இருந்தால் நல்ல ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது நெக். தடித்த ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். திருகாணி அசையவில்லை, அல்லது தலை மழுங்கியிருக்கிறது என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். பிரிட்ஜை மாற்றலாம், நெக் போனால் செலவு கட்டாது.

மூன்றாவது, பூட்டு நட்டுக்குப் பின்புறம். அந்தக் காலத்தில் நட்டை நெக்கின் பின்னாலிருந்து இரண்டு திருகாணி போட்டு இறுக்குவார்கள். ஏற்கெனவே மெல்லிய இடத்தில் இரண்டு துளை. மயிரிழை விரிசல் வருவது அங்கேதான். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நிறத்தையும் சோதியுங்கள். அந்தப் பளீர் நிறங்கள் வெயிலில் வெளுக்கும். பின்பக்க ஸ்பிரிங் மூடியைக் கழற்றி அடியில் இருக்கும் நிறத்தோடு வெளிநிறத்தை ஒப்பிட்டால், வெளுத்ததா, மறுபடி பூசியதா என்று தெரிந்துவிடும். ஆக்டிவ் பிக்கப் இருந்தால் 9 வோல்ட் பேட்டரி ஒழுகி ஒயர்களை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வரிசை எண் பொறித்த தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு திருகாணியைக் கழற்றினால் அது வேறு கிட்டாருக்குப் போய்விடும். பட்டறை பிறகு இருந்த ‘சான் டிமாஸ்’ ஊரின் பெயர் பொறித்த சார்வெல் தகடுகளுக்கு மதிப்பு அதிகம் என்பதால் போலிகளும் உலவுகின்றன.

பழையதா, புதியதா?

மேடையில் வாசிக்க, பயிற்சிக்கு, கவலையில்லாமல் பயன்படுத்த என்றால் புதியது நல்லது. பெரட்டா, சான் டிமாஸ், ரோட்ஸ், ஆர்ஜி 550 போன்ற பெயர்கள் எல்லாம் மறுபடி வந்திருக்கின்றன. ஃபிரெட் வேலை சுத்தமாக இருக்கும், உதிரி பாகம் கிடைக்கும். அமெரிக்காவில் கையால் செய்த ஆரம்பகால சார்வெல், ஜாக்சன்கள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டன. அவற்றின் பின்னால் ஓட வேண்டாம். ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் தயாரானவை நடுவில் ஒரு நல்ல இடத்தில் இருக்கின்றன. அசல் காலத்துக் கருவி, வேலைப்பாடு நேர்த்தி, விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டும். உங்களுக்கு வந்திருப்பது அப்படி ஒன்று. அதனால்தான் தேறினால் வாங்குங்கள் என்கிறேன்.

எப்படி வைத்துக்கொள்வது?

ஈப்போ காற்றில் ஈரமும் கை வியர்வையும்தான் எதிரி. வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். பூட்டுத் திருகாணிகளுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, கத்தி விளிம்பு தண்டைத் தொடும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் ஸ்பிரிங் இழுத்து பிரிட்ஜ் உள்ளே அமுங்கிவிடும், மறுபடி சமநிலைக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். கம்பிகள் இறுகியிருக்கும்போது தண்டுகளைத் திருகி உயரம் மாற்றாதீர்கள். கத்தி விளிம்பு பாழாவது பெரும்பாலும் அந்த ஒரு காரியத்தால்தான். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

கடைசியாக, உங்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கிட்டாரை அலங்காரமாக வைத்துவிடாதீர்கள். அபூர்வமான கருவி என்றால் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று நானே சொல்லியிருப்பேன். இது அப்படியல்ல, ஆயிரக்கணக்கில் தயாரான வகை. பிக்கப் உங்கள் காதுக்குப் பிடிக்கவில்லையா, வேறு போடுங்கள். கழற்றிய பாகத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். பாரில் கைப்பழக்கம் இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அசையாமல் நிறுத்தி, பழகிய பிறகு எடுத்துவிடுங்கள். எண்பதுகளை உண்டாக்கியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். தங்கள் கைக்கு எது வேண்டுமோ அதற்காகக் கிட்டாரை மாற்றினார்கள், பிறகு தங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தைரியமாகப் பூசினார்கள். அந்தக் காலத்தின்மேல் உங்களுக்கு இருக்கும் ஏக்கம் வெறும் நிறத்தின்மேல் வந்த ஆசை இல்லை, அந்தத் தைரியத்தின்மேல் வந்த ஆசை. அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வாங்கியதும் ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து முழுதாக செட்டப் செய்து வாங்குங்கள். அன்று மாலையே மகன் கையில் கொடுத்து, பாரை ஆசை தீர அழுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு வேஷமா கருவியா என்ற வாக்குவாதத்தை அந்தக் கிட்டாரே தீர்த்துவைக்கும்.